முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும்

எங்கள் வீட்டு முகப்பிலிருந்து பின்கட்டில் இருக்கிற கழிப்பறைக்கு 74 எட்டு வைத்து நடக்க வேண்டும். எண்ணியிருக்கிறேன். நடுவில் நாலு நிலைப்படி தாண்ட வேண்டும். ஐயா பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீடு, ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். கல்யாணம் என்றால் நூற்றுக்கணக்கான பேர் பந்தியில் உட்கார வேண்டும் என்று யோசித்துக் கட்டியவர்கள், 66 வயதில், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியை எடுத்துவிட்டு ஒரு பேரன் இந்த வளவு முற்றத்தில் ஓடப் போகிறான் என்று யோசித்திருக்க வழியில்லை.

போன வருசம் ஆவணியில் மதுரையில் ஆபரேஷன். புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் எண் கூடுதலாக வந்தது, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கிற பயாப்சி செய்தார்கள், புற்றுநோய் என்று தெரிந்தது, சுரப்பிக்குள்ளேயேதான் இருக்கிறது, முழுசாக எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள். அந்தப் பகுதியைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை, மயக்கத்தில் இருந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் புற்றுநோயைப் பற்றித்தான் கேட்டார்கள். என்னைப் படுத்தி எடுத்தது அதற்குப் பிறகு வந்த நீர்க்கசிவு. அதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் சொன்னது ஒரே வரி. "கொஞ்ச நாள் கசியும், போகப்போகச் சரியாயிடும்." கொஞ்சம் என்றால் எத்தனை நாள், போகப்போக என்றால் எவ்வளவு தூரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மூணு தலைமுறையாக வட்டிக்கணக்குப் பார்த்த குடும்பத்தில் பிறந்துவிட்டு இதைக் கேட்காமல் வந்தது என் தப்பு. இன்னொரு தப்பு, என் பங்காளி அண்ணன் ஒருவரை வைத்து மனக்கணக்குப் போட்டது. அவருக்கும் புரோஸ்டேட்தான், பத்தே நாளில் பழையபடி வெளியே கிளம்பிவிட்டார். அவருக்கு நடந்தது வேறு ஆபரேஷன் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. வயதாகி வீங்கின சுரப்பியின் உள்பக்கத்தை மட்டும் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுப்பது அது. நீண்ட நாள் கசிவு அதில் அபூர்வம். புற்றுநோய்க்குச் சுரப்பியை மொத்தமாக எடுப்பது வேறு.

பிற்பாடு நான் போய்ப் பார்த்த பிசியோதெரபி பெண் எனக்கு இதை எங்கள் பக்கத்துக் கண்மாயை வைத்து விளக்கினாள். சிறுநீர்ப்பை ஒரு கண்மாய். அதற்கு இரண்டு மடை. மேல்மடை நாம் நினைக்காமலே தானாக மூடிக்கொண்டிருப்பது, புரோஸ்டேட்டை ஒட்டியே இருக்கிறது. கீழ்மடை நாம் நினைத்தால் இறுக்குவது. சுரப்பியை எடுக்கும்போது மேல்மடையின் காவல் போய்விடுகிறது. அறுபது வருசமாக அவசரத்துக்கு மட்டும் வேலை பார்த்த கீழ்மடை, இனிமேல் இரவு பகலாகத் தனியாக நிற்க வேண்டும். அதற்குப் பழக்கம் இல்லை, பலமும் இல்லை. அதனால்தான் இருமினால், தும்மினால், எழுந்தால், கனமாக ஏதாவது தூக்கினால் கசிகிறது. படுத்திருக்கும்போது பாரம் குறைவு, அதனால் பலருக்கு முதலில் ராத்திரிதான் காய்ந்து வருகிறது. சாயங்காலம் தசை களைத்துப்போய் மோசமாகிறது. எனக்கு அப்படியே நடந்தது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு மேல் "ஐயோ, திரும்ப மோசமாயிடுச்சே" என்று பதறியிருக்க மாட்டேன்.

ஆபரேஷனில் சிறுநீர் வெளியேறப் போட்ட டியூப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் உண்மையில் சுகம். பையைச் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும், டியூப் எங்கும் மடங்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். டியூப்பை எடுத்தால் விடுதலை என்று நினைத்துக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். கையில் ஒரு மாற்றுத்துணி கூட இல்லை. எடுத்துவிட்டு, "எந்திரிச்சு நில்லுங்க" என்றார்கள். நின்றேன். நின்ற இடத்திலேயே கால் வழியாக இறங்கியது. ஒன்றும் வரப்போகிற உணர்வு இல்லை, முட்டும் உணர்வு இல்லை. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. மேலூர், திருப்பத்தூர் தாண்டி வீடு வருகிற இரண்டு மணி நேரமும் காரின் பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் மடித்த துண்டு, அதன் மேல் நான். மகன் வண்டி ஓட்டினான். கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் ஓட்டினான், அதற்கு இன்றைக்கும் அவனுக்கு நன்றி. டியூப் எடுக்கப் போகிறவர்கள் பெரியவர்களுக்கான டயப்பர் இரண்டு, கருப்பு நிறக் கைலி ஒன்று, துண்டு ஒன்று, இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த நாள் டயப்பர் வாங்க வேண்டும். தெரிந்த மருந்துக்கடையில் வாங்கக் கூசியது. மகனை அனுப்பவும் மனசில்லை. ஆட்டோ பிடித்துத் தேவகோட்டைக்குப் போனேன். அங்கே கடைப் பையன் கறுப்புக் கவரில் போட்டுக்கொண்டே, "யாருக்குண்ணே, ஆத்தாவுக்கா?" என்றான். "ஆமாப்பா" என்றேன். ஆத்தா போய் 11 வருசம் ஆகிறது. ஆட்டோவில் திரும்பும்போது ஆத்தாவிடம் மனசுக்குள்ளே மன்னிப்புக் கேட்டேன். ஆட்டோக் கூலி டயப்பர் விலையைவிட அதிகமாக வந்தது.

டயப்பரில் இரண்டு வகை. ஜட்டி மாதிரி முழுசாக மாட்டுவது ஒன்று, உள்ளாடைக்குள் ஒட்டிக்கொள்கிற மெல்லிய பேட் இன்னொன்று. முதல் சில வாரம் முழு டயப்பர்தான் தாங்கும். நான் வாங்கினது ஒன்று 40 ரூபாய் வந்தது, நாளுக்கு ஆறு ஆனது. கசிவு குறைந்ததும் பேட்டுக்கு மாறிவிடலாம், செலவு பாதியாகும். ஆனால் பேட்டுக்கு இறுக்கமான ஜட்டி வேண்டும். வேட்டிக்குள் தளர்வாக ஏதோ போட்டுக்கொண்டு பேட் வைத்தால் அது ஒரு பக்கம் போகும், நீர் இன்னொரு பக்கம் போகும். ஆண்களுக்கு முன்பக்கம்தான் நனையும் என்பதால், பேட்டின் கனமான பகுதி முன்னால் வருகிற மாதிரி வைக்க வேண்டும். பெண்களுக்கான மாதவிடாய் நாப்கினை வைத்துச் சமாளிக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நானும் ஒருநாள் பார்த்தேன். அது மெதுவாக வருவதை உறிஞ்சத்தான் செய்தது, திடீரென்று வருவதைத் தாங்காது.

நம் ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை தோல். இரண்டாம் வாரமே தொடை இடுக்கு சிவந்து எரிந்தது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பு தடவியதும் நாலு நாளில் ஆறியது. பவுடர் போடாதீர்கள், ஈரத்தில் கட்டியாகி உரசும். மத்தியானம் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரு பழைய துணி விரித்துக் காற்றாடப் படுப்பேன். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை குளிர்ச்சியாக இருக்கும். நனைந்தால் துடைத்துவிடலாம் என்பது அந்தக் கல்லின் நல்ல குணம், வழுக்கும் என்பது கெட்ட குணம். இரவில் ஓடும்போது ஒருமுறை வளவில் விழப் பார்த்தேன். அதற்கப்புறம் வழிநெடுகச் சின்ன விளக்கு, கட்டிலடியில் ஒரு சிறுநீர்ப் பாட்டில், படுக்கை முகப்பறையிலிருந்து இரண்டாங்கட்டுக்கு. கட்டிலை மாற்ற எனக்கு ஏன் மூணு வாரம் பிடித்தது என்று கேட்டால், வீட்டுக்குப் பெரியவன் முகப்பில்தான் படுக்க வேண்டும் என்கிற வீம்பைத் தவிர வேறு காரணமில்லை.

என் பெரிய முட்டாள்தனம் தண்ணீரைக் குறைத்தது. குடித்தால்தானே கசியும் என்று ஒரு நாளைக்கு மூணு டம்ளரில் நிறுத்தினேன். கசிவு குறைந்ததா? இல்லை. சிறுநீர் கெட்டியாகி, சிறுநீர்ப்பையை எரிச்சல்படுத்தி, இன்னும் அடிக்கடி முட்டியது. மலம் இறுகியது, முக்கினேன், முக்கும்போது கசிந்தது. பத்தாம் நாள் குளிர்க் காய்ச்சல், நீர்க்கடுப்பு, நாற்றம். சிறுநீர்த் தொற்று. ஒரு வாரம் மாத்திரை. அதற்கப்புறம் நாளுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர், பகல் முழுக்கப் பிரித்துப் பிரித்து, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கொஞ்சமாக. காப்பி, டீ இரண்டும் சிறுநீர்ப்பையைத் தூண்டிவிடும். நாளுக்கு நாலு காப்பி குடித்தவன் காலையில் ஒன்றோடு நிறுத்தியதும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. காரத்தையும் குறைக்கச் சொன்னார்கள், சிலருக்கு அது ஆகாதாம். இரண்டு வாரம் பத்தியமாகத் தின்று பார்த்தேன், எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. கோழிக் குழம்புக்குத் திரும்பிவிட்டேன்.

காய்ச்சலோ, கட்டி கட்டியாக ரத்தமோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். நீரே வராமல் வயிறு உப்பினாலும் அப்படித்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீர் விடும்போது தாரை நூல் மாதிரி மெலிந்துகொண்டே போனால், அல்லது விட்ட பிறகும் பை நிறைந்தே இருக்கிற மாதிரி தோன்றி எந்நேரமும் சொட்டினால், அது தசைப் பலவீனம் மட்டுமாக இல்லாமல் பாதை தழும்பாகிச் சுருங்கியதாகவும் இருக்கலாம். அதற்குப் பயிற்சி உதவாது, வைத்தியம் வேறு.

பயிற்சிக்கு வருகிறேன். முதல் மாதம் நானே யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு நாளுக்கு இருநூறு முறை இறுக்கினேன். வயிற்றை எக்கி, பிட்டத்தை இறுக்கி, மூச்சைப் பிடித்து, முகமெல்லாம் சிவக்க. சாயங்காலம் முன்னைவிட அதிகம் நனைந்தது. மகள்தான் போனில் பொறுக்க முடியாமல், "அப்பச்சி, தயவுசெஞ்சு ஒருத்தரப் போய்ப் பாருங்க" என்று சொல்லி, முன்னே சொன்ன அந்தப் பிசியோதெரபி பெண்ணிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். என் மகளைவிடச் சின்ன வயது. அவளிடம் போய் இதைப் பேசுவதா என்று வாசலில் கால் மணி நேரம் நின்றேன். கூட வந்த என் மனைவிதான் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்தப் பெண் முதலில் நான் செய்வதைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல வயிறுதான் வேலை செய்யுது, வேலை செய்ய வேண்டியது சும்மா இருக்கு" என்றாள். சரியான தசை எது? கூட்டத்தில் காற்றுப் பிரியாமல் அடக்குகிறோமே, அந்த இழுப்பு. அதோடு சேர்த்து, உறுப்பை உள்பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிற மாதிரி ஒரு நினைப்பு. கண்ணாடி முன் நின்று பார்த்தால் உறுப்பின் அடிப்பகுதி உள்ளே போகும், விதைப்பை லேசாக மேலேறும். வயிறும் தொடையும் அசையக் கூடாது, மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அஞ்சு எண்ணும் வரை பிடித்து, அஞ்சு எண்ணும் வரை முழுசாகத் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூணு வேளை. பலம் வர வர, பத்து எண்ணும் வரை பிடிக்கலாம். பிடிப்பதைப் போலவே தளர்த்துவதும் பயிற்சிதான். எனக்குத் தளர்த்துவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் வாரம் படுத்து, அப்புறம் உட்கார்ந்து, அப்புறம் நின்று. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகாதே என்றாள், பை சரியாகக் காலியாகாமல் போகும். டியூப் உள்ளே இருக்கும்போது இந்தப் பயிற்சியே செய்யக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொண்டு வருவதுதான் நல்லதாம். எனக்கு அது காலம் கடந்த செய்தி, படிக்கிற யாருக்காவது கடந்திருக்காது.

அவள் சொன்னதில் எனக்கு அதிகம் உதவியது, "அசையறதுக்கு முன்னால இறுக்குங்க" என்பது. எழுவதற்கு முன், இருமுவதற்கு முன், குனிவதற்கு முன், ஒரு நொடி முன்னதாக இறுக்கிவிட்டு அப்புறம் செய். எங்கள் வீட்டில் எனக்கு நாலு நிலைப்படியும் நாலு வாத்தியார் ஆயின. படியைத் தாண்டக் காலைத் தூக்கும்போதுதான் எனக்கு அதிகம் கசியும். படிக்கு முன் நின்று, இறுக்கி, தாண்டி, தளர்த்தி, அடுத்த படிக்குப் போவேன். வேலைக்கார அம்மா நான் ஒவ்வொரு நிலையிலும் நின்று சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணிடமிருந்து கிளம்பும்போது மனைவி அவளிடம் கேட்டாள், இந்தப் பயிற்சி ஆண்களுக்கென்று கண்டுபிடித்ததா என்று. "இல்லம்மா, பெண்களுக்குத்தான் முதல்ல. 1948-ல அமெரிக்காவுல கெகல்னு ஒரு மகப்பேறு டாக்டர், பிரசவத்துக்கப்புறம் கசியற பெண்களுக்காக எழுதினாரு." மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சொன்னாள். "எனக்கு மூணாவது பிள்ளை பெத்ததுலேருந்து இருக்கு. தும்முனா, சிரிச்சா." மூணாவது பிள்ளைக்கு 34 வயது. "ஏன் சொல்லலை?" என்றேன். "யார்கிட்ட சொல்றது? ஆத்தாவுக்கும்தான் இருந்துச்சு. அவுக சொன்னாகளா?" நான் ஒரு மாதமாக உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் என்று உருண்டுகொண்டிருந்த வீட்டில், என் பக்கத்துக் கட்டிலில், 34 வருசம்.

மறுநாள் ஒரு கணக்கு நோட்டு போட்டேன். பேட்டைக் காய்ந்தபடி ஒருமுறை நிறுத்து எழுதி வைத்துக்கொண்டு, நனைந்த பிறகு நிறுத்தால், கூடுகிற ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர். 24 மணி நேரத்துப் பேட்டையும் சேர்த்தால் நாள் கசிவு தெரிந்துவிடும். சமையலறை எலக்ட்ரானிக் தராசை எடுத்தேன். "சீப்புச் சீடைக்கு மாவு நிறுக்கிற தராசு அது!" என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். எனக்கென்று ஒன்று வாங்கினேன். வாரத்துக்கு ஒருநாள் நிறுத்தேன். முதல் வாரம் 410 கிராம். மூணாம் வாரம் 260. அடுத்த வாரம் 300, ஏனென்றால் பேரன் வந்திருந்தான், தூக்கினேன். ஆறாம் வாரம் 140. மனசு தினமும் சொல்லும் "ஒண்ணும் முன்னேற்றமில்லை" என்பதை நோட்டு வாராவாரம் மறுத்தது. டாக்டரிடமும் "அதிகமாப் போகுது டாக்டர்" என்று சொல்வதைவிட நோட்டைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடிகிறது.

கழிப்பறைக்கு எப்போது போவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பயத்தில் அரை மணிக்கொருமுறை போய்க்கொண்டிருந்தேன். அப்படிப் போனால் பை சின்ன அளவுக்கே பழகிவிடும். ஒரு மணி, ஒன்றே கால் மணி என்று வாரத்துக்குக் கால் மணியாக நீட்டி மூணு மணி நேரம் வரைக்கும் கொண்டுவந்தேன்.

மார்கழியில் எங்கள் நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பு வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள். 21 நூல் திரித்த திரியை இழைமாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது, அதுதான் இழை எடுப்பது. வளவில் பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள், வயதில் மூத்தவன் என்கிற முறையில் இழை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். வரவில்லை என்று சொல்ல என்னென்னவோ காரணம் யோசித்தேன். நனைந்த துணியோடு சாமி காரியத்தில் நிற்கலாமா என்பதுதான் உள்ளே அரித்தது. மனைவியிடம் கேட்டேன். "கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் எல்லா ஆச்சிமாரும் வருசா வருசம் இழை வாங்குறாக. அது நனைக்காதா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

குளித்து, புதுப் பேட் வைத்து, இரண்டு ஜட்டி போட்டு, வேட்டி கட்டினேன். காப்பி தொடவில்லை. ஒரு மணி நேரம் நின்று குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு குனிதலுக்கும் முன்னால் ஒரு இறுக்கு. பாதியில் சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறித் தும்மல் முட்டியது. தும்மலுக்கு முன்னால் இறுக்க நேரம் கிடைத்தது. பெரிய தும்மல். வளவே திரும்பிப் பார்த்தது. ராத்திரி நிறுத்தேன், 12 கிராம்.

ஆறாம் மாதத்துக்கு மேல் வெளியே போகும்போது மட்டும் ஒரு மெல்லிய பேட். சென்னைக்கு மகளைப் பார்க்கப் பல்லவன் ரயிலில் போகும்போது நடைபாதை ஓர இருக்கைதான் எடுப்பேன், பையில் ஒரு கைலி, இரண்டு பேட், மூடி போட்ட பிளாஸ்டிக் கவர். தாம்பத்தியத்தில் வந்த மாற்றம் வேறு பேச்சு. அதற்கும் டாக்டரிடம் வழி உண்டு, அதையும் கேட்கக் கூசினேன், அதையும் மனைவிதான் கேட்டாள். எல்லோருக்கும் என் வேகத்தில் குறையும் என்று நான் சொல்லமாட்டேன். மூணு மாதத்தில் காய்ந்தவர்களும் உண்டு, ஒரு வருசம் எடுத்தவர்களும் உண்டு. ஒரு வருசம் பொறுத்தும் நனைந்துகொண்டே இருந்தால், பாதையைத் தூக்கிப் பிடிக்கிற நாடா ஒன்று வைக்கிறார்கள். கசிவு அதிகமென்றால், விதைப்பையில் ஒரு சின்னப் பம்ப்போடு செயற்கை மடையே வைக்கிறார்கள். பம்பை அமுக்கினால் மடை திறக்கும், சில நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். அதைப் பற்றி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

டயப்பரோ பேட்டோ, இப்போது எங்கள் ஊர்க் கடையிலேயே வாங்குகிறேன். கடைக்காரர் முதல்முறை, "யாருக்குண்ணே?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, தன் அண்ணனுக்கும் அடுத்த மாதம் இதே ஆபரேஷன் என்றார். நிலைப்படிக் கதையைக் கடை வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

நோட்டில் இப்போது இரண்டு பத்தி. இடப்பக்கம் என் கணக்கு, பெரும்பாலும் சுழி. வலப்பக்கம் மனைவி கையெழுத்து. நேற்றுப் புரட்டினேன். "செவ்வாய். மிளகாய் வறுத்தேன். தும்மல் 9. ரெண்டுக்குத்தான் ஆச்சு."